தெஹிவளைப் புத்தகம்

பதினொரு வேன்காரருக்கும் பாடசாலை அலுவலகத்தில் ஒரே படிவத்தைத்தான் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: 'உங்கள்மீது வாகன வழக்கு எப்போதாவது தாக்கல் செய்யப்பட்டதுண்டா? உண்டெனில் நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை இணைக்கவும்.' பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அந்தப் பத்தில் ஒருவர் போன மாதம்தான் பொரளையில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பொலிசிடம் மாட்டி, இரண்டு கிழமை லைசன்ஸ் இல்லாமல் திரிந்தவர். அவருடைய பேனா கூட நடுங்கவில்லை.

பதினோராவது ஆள் சிவபாதசுந்தரம். அவர் 'ஆம்' என்று எழுதினார்.

பிழைக்கத் தெரியாத மனிதர் என்று நீங்கள் சொல்லலாம். கொட்டாஞ்சேனை முழுவதும் அதைத்தான் சொன்னது. மாத முடிவுக்குள் பிரதி வராவிட்டால் வேன் பாடசாலை வாசலுக்குள் வர முடியாது. பிரதி வந்து அதில் 'ஆளை மோதிக் காயப்படுத்திய குற்றவாளி' என்று இருந்தாலும் வர முடியாது. சிவபாதசுந்தரத்துக்கு இரண்டும் தெரியும். ஆறு வருஷமாகப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேனுக்கு அவர் தன் கையாலேயே பூட்டுப் போட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது மாதிரி வந்து இருக்கையில் ஏறி இருந்தார்.

அவர் வேன் ஓட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். காலி வீதியில் ஒரு சைக்கிள் முன்னால் போனால் போதும், வேன் மாட்டுவண்டியாகிவிடும். "அங்கிள், சைக்கிள் எங்கள விட்டுட்டுப் போகுது!" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கூத்தடிப்பார்கள். "போகட்டும், போகட்டும். அவருக்கு என்ன அவசரமோ," என்பார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அவருக்கு அது சிரிப்பில்லை என்று யாருக்குத் தெரியும்?

காலையில் முதலில் ஏறுவது ஹமீமா. கிராண்ட்பாஸில் வீடு. அவளுடைய உம்மா றலியா, புதுக்கடையில் ஒரு லோயரின் ஒபிசில் பன்னிரண்டு வருஷமாகக் கிளார்க். மகளை ஏற்ற வந்தவளிடம் சிவபாதசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அடுத்த மாசம் தொடக்கம் வேற வேன் பாருங்கோ தங்கச்சி."

"என்னத்துக்கு அண்ணே? மகள் ஏதும் குழப்படி செஞ்சாவா?"

"சீச்சீ. அவ தங்கமான பிள்ளை. எனக்கு ஒரு கேஸ் இருந்தது. ஃபோமில எழுதிப் போட்டன். பள்ளிக்கூடத்தில கோட்டுப் பேப்பர் கேக்கினம்."

"என்ன கேஸ்?"

"வேனால ஒரு ஆளை அடிச்சனான். 2003இல."

றலியா ஒரு கணம் மகள் இருந்த இருக்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சிவபாதசுந்தரம் கண்டார். தாய் பார்க்கத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆள் மௌத்தா?"

"இல்லை. கால் முறிஞ்சது."

"தீர்ப்பு?"

"குற்றவாளி எண்டுதான். கல்கிசைக் கோட்டில ஃபைன் கட்டினனான்."

"கட்டின துண்டு எங்க?"

"அண்டைக்கே கிழிச்சுக் கடல்ல போட்டிட்டன்."

"நல்ல வேலதான் பாத்தீங்க," என்றாள் றலியா. பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "கோட்டுல இரிக்கும். நீங்க கிழிச்சா அவங்களும் கிழிப்பாங்களா? வியாழக்கிழமை நான் லீவு போடுறேன். பிள்ளைகள எறக்கிட்டு வாங்க, போய் எடுப்போம்," என்றாள்.

சிவபாதசுந்தரத்துக்கு அது கிடைக்காமல் போனால்தான் நல்லது என்று மனதுக்குள் ஒரு மூலையில் இருந்தது. வேன் போனாலும் பரவாயில்லை, அந்தக் கடுதாசியை இன்னொருவர் வாசிக்கக் கூடாது. ஆனால் இப்படி உதவிக்கு வருகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? ஓம் என்று தலையாட்டினார்.

கல்கிசை நீதவான் நீதிமன்றத்தின் பதிவறை பின்கட்டில் இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் முண்டியடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கதையைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். மச்சானின் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரன் செய்த அநியாயம், பொலிஸ்காரன் பேசிய பேச்சு. பதிவறைப் பொறுப்பாளர் ஓய்வுபெற இரண்டு வருஷமிருந்த சிங்களவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து எல்லாருக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: நம்பர் என்ன? நம்பர் இல்லாதவர்கள் கதையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க கதையக் கொண்டு வரக்கூடாது அண்ணே. திகதியக் கொண்டு வரணும்," என்று றலியா மெதுவாகச் சொன்னாள். "என்ன திகதி?"

"அதுதான் நினைவில்லை. ஆடிவேல் தேர் வந்த அடுத்த நாள். வேல் பாக்க வந்த ஒரு குடும்பத்தை இறக்கிப்போட்டு, பின்னேரம் அஞ்சு மணிபோல வெறும் வேனோட திரும்பினனான். அவ்வளவுதான் தெரியும்."

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் கையை விரித்திருப்பார்கள். றலியா வெளியே போய் நின்று, செட்டியார் தெருவில் ஒபிசுக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் சுப்புராமனுக்குப் போன் எடுத்தாள். வேல் விழாவுக்குத் தலைமுறை தலைமுறையாக உபயம் செய்கிற குடும்பம் அவர்களுடையது. பழைய அழைப்பிதழ்களை ஒன்று விடாமல் கட்டி வைத்திருப்பவர். பத்து நிமிஷத்தில் திகதி வந்தது. ஒரு முஸ்லிம் பெண் வேல் தேரின் திகதியை வைத்துக்கொண்டு சிங்களப் பதிவேட்டில் தமிழனின் வழக்கைத் தேடக் கிளம்பியதைப் பார்த்தபோது சிவபாதசுந்தரத்துக்குத் தன் பயத்தையும் மீறி ஒரு வியப்பு வந்தது.

பொறுப்பாளரிடம் றலியா சிங்களத்தில் மூன்றே மூன்று விஷயம் சொன்னாள்: திகதி, வாகன இலக்கம், எந்தப் பொலிஸ். "எந்தப் பொலிஸ் அண்ணே?" என்று அதற்கு முன் திரும்பிக் கேட்டிருந்தாள். "வெள்ளவத்தை," என்றார் சிவபாதசுந்தரம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பதிவறையில் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் தனித்தனிப் புத்தகம். வெள்ளவத்தைப் புத்தகம் மேசைக்கு வந்தது, தலையணை மொத்தத்தில்.

அதன் பிறகு அவள் வேலை செய்ததை ஊரெல்லாம் கூட்டிவைத்துக் காட்டியிருக்க வேண்டும். கைப்பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து முதலில் புத்தகத்தின் தூசியைத் துடைத்தாள். கோடு போடுகிற மர அடிமட்டம் ஒன்றை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தாள். ஒரு வரி, அடிமட்டம் கீழே இறங்கும், அடுத்த வரி. விரலை எச்சில் தொட்டுப் புரட்டவில்லை. கிழிந்த ஓரம் வந்தபோது அதை மடிப்பு நீக்கித் தடவி விட்டாள். நடுவில் வேறு யாருடையதோ தளர்ந்த தாளொன்று விழப்பார்த்தது. அதன் இலக்கத்தைப் பார்த்து அதற்குரிய பக்கத்தில் சொருகினாள். யாரோ ஒருவருக்கு நாளைக்கு அது தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மணித்தியாலம் அவள் தலை நிமிரவில்லை. பொறுப்பாளர் கண்ணாடிக்கு மேலாக இரண்டு தரம் பார்த்ததைச் சிவபாதசுந்தரம் கவனித்தார்.

பெயர் இல்லை.

ஆறு மாதத்து வரிகளையும் பார்த்தாயிற்று. சிவபாதசுந்தரத்துக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று வாயால் சொல்லாத குறை. "பாவம் தங்கச்சி, உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல். விடுவம்," என்றார்.

"விடுறதா? வெள்ளவத்தைப் பொலிசுக்குப் போவோம்."

போனார்கள். அங்கே விபத்துப் புத்தகத்திலும் அந்தத் திகதியில் அப்படியொரு விபத்தே இல்லை. கொன்ஸ்டபிள் புத்தகத்தை மூடிவிட்டு இவர்களைப் பார்த்த பார்வையில், நடக்காத விபத்துக்கு வழக்குத் தேடுகிற இரண்டு பைத்தியங்கள் என்று எழுதியிருந்தது.

வெளியே வந்து வேனில் ஏறினார்கள். றலியா அடிமட்டத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். கைவிடப்போகிறாள் என்று சிவபாதசுந்தரம் நினைத்தார்.

"இடத்தக் காட்டுங்க," என்றாள்.

"எந்த இடம்?"

"அடிச்ச இடம். ஓட்டுங்க."

எட்டு வருஷமாக அந்த இடத்தைத் தாண்டாத மனிதர் அவர்; அன்று கல்கிசைக்குக்கூட உள்வீதிகளால் சுற்றித்தான் போய் வந்தார். பாடசாலை இந்தப் பக்கம் இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தார். இப்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலி வீதியில் தெற்கே ஊர்ந்தார். கடைகள், கோயில் திருப்பம், சந்தை, பிறகு கால்வாய்ப் பாலம். பாலத்தைத் தாண்டி நூறு மீற்றர் போய், மூடியிருந்த ஒரு தளபாடக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். 

"இதில்தான்."

றலியா கடையின் பலகையைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"அண்ணே! இது வெள்ளவத்தையா? பாலத்தத் தாண்டிட்டீங்களே. இது தெஹிவளை!"

"இதையும் வெள்ளவத்தை எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்?"

"யாரு எல்லாரும்?"

யார் எல்லாரும்? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த அத்தனை பேரும்தான். பம்பலப்பிட்டியைத் தாண்டினால் அவர்களுக்குக் கடல் வெள்ளவத்தை, கரை வெள்ளவத்தை, தெஹிவளைச் சந்தி வரைக்கும் வெள்ளவத்தை. தெஹிவளையில் வீடு வாங்கிவிட்டு ஊருக்கு 'வெள்ளவத்தையில் இருக்கிறோம்' என்று கடிதம் எழுதுவார்கள். சிவபாதசுந்தரம் தொண்ணூற்றாறில் சாவகச்சேரியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறியவர். அவருக்கு இந்தப் பாலம் ஒரு எல்லை என்று யார் சொன்னார்கள்? அன்றைக்குப் பொலிஸ் நிலையத்துக்கே அவர் போகவில்லை. அடிபட்டவரை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள், லைசன்ஸையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அழைப்பாணை தபாலில் வந்தது. அதில் இருந்த சிங்களத்தை அவர் வாசிக்கவில்லை, கல்கிசை என்பதை மட்டும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் றலியா அவரையும் கூட்டிக்கொண்டு பதிவறைக்குப் போனாள். பசியோடிருக்கிற மனிதரிடம் பழைய புத்தகம் கேட்கக் கூடாது என்பது அவளுடைய கணக்கு. தெஹிவளைப் புத்தகம் வந்தது. துணி, அடிமட்டம். இருபது நிமிஷத்தில் அடிமட்டம் ஓரிடத்தில் நின்றது. அவள் இலக்கத்தைத் துண்டில் எழுதினாள். சிவபாதசுந்தரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இலக்கம் கிடைத்தால் பிரதி கிடைத்த மாதிரியா? இல்லை. றலியா வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடியே சிங்களத்தில் மனுவை எழுதினாள். தன் லோயரின் கையெழுத்தை வாங்கி வந்தாள், முத்திரை ஒட்டினாள், நீதிமன்றக் கந்தோரில் பதிந்தாள். எட்டு வருஷத்துப் பழைய கோப்புகள் மேல்தட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எந்தக் கட்டில் என்று தெரியாது, ஒரு மாதமாகலாம் என்று கந்தோரில் சொன்னார்கள். மாத முடிவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பதிவறைக்குப் போய், தான் பார்த்த இரண்டு புத்தகங்களையும் எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்களோ அந்தத் தட்டிலேயே வரிசையாக அடுக்கிவிட்டு, பொறுப்பாளருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் வந்தது. பதிவறைப் பொறுப்பாளர் தானே ஏணி வைத்து ஏறியிருக்கிறார். "புத்தகத்தத் துடைச்சுட்டுத் திருப்பி வெச்ச ஒரு ஆள இருபத்தஞ்சு வருஷத்துல இப்பதான் பாத்தேன்டு சொல்றாரு," என்று றலியா சிரித்தாள். "வாங்க அண்ணே, போவோம்."

மூன்று தாள். சிவப்பு முத்திரை, பதிவாளரின் கையெழுத்து. பதிவறைக்கு வெளியே மாமரத்தடியில் ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. றலியா அதில் உட்கார்ந்தாள். சிவபாதசுந்தரம் உட்காராமல் நின்றார்.

"வாசிக்க வேண்டாம் தங்கச்சி. எனக்குத் தெரியும் என்ன இருக்கெண்டு. அந்த மனுசன் கோட்டில எழும்பி நிண்டு, என்னைப் பாத்துக் கையை நீட்டி நீட்டிச் சொன்னவர். நான் கூட்டுக்குள்ள நிக்கிறன். அவர் சொன்னதில ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை. ஆனால் அந்தக் கை..." அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். "கோட்டு முதலியார், தமிழில மாத்திச் சொல்லுறவர், அதுக்குப் பிறகுதான் வந்து குற்றவாளியோ, குற்றமில்லாத சுற்றவாளியோ எண்டு கேட்டார். குற்றவாளி எண்டன். லோயர் முடிஞ்சுது போங்கோ எண்டிட்டு மற்றக் கேசுக்கு ஓடிட்டார். காசைக் கட்டிப்போட்டு வந்திட்டன். கனவில வாறதும் அந்தக் கைதான்."

றலியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டாவது தாளை எடுத்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். வேகமாக இல்லை. ஒவ்வொரு வரியாக.

"காயப்பட்டவரான கருணாதாச, பாண் ரொட்டி வியாபாரி, மன்றில் வந்திரிக்கிறார். தான் பின்னால பாக்காம சைக்கிளத் திருப்பினதாச் சொல்றார். எதிரியில, அதாவது உங்கள்ல, பிழை இல்லண்டு சொல்றார். எதிரியக் கையால காட்டி..." அவள் நிறுத்தினாள். அடிமட்டம் நகரவில்லை. "எதிரியக் கையால காட்டி, இவர்தான் என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின ஐயா, நாலு நாளும் வார்டுக்குக் கோப்பி கொண்டு வந்தவர், இவருக்குத் தண்டனை குடுக்க வேணாம் எண்டு சொல்றார்."

சிவபாதசுந்தரம் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பொலிசார் முதலாவது குற்றச்சாட்ட மீளப் பெறுறாங்க. எதிரி அதுலேருந்து விடுதலை. ரெண்டாவது குற்றச்சாட்டு, வரிப்பத்திரத்தக் கண்ணாடியில ஒட்டாதது. குற்றத்த ஒத்துக்கொள்றார். ஐநூறு ரூபா அபராதம்." றலியா தாளை மடியில் வைத்தாள். "நீங்க ஃபைன் கட்டினது ஸ்டிக்கர் ஒட்டாததுக்கு அண்ணே. ஆளுக்கு அடிச்சதுக்கு இல்ல."

"திரும்ப ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தாள். மூன்றாவது தரமும் கேட்டார். மூன்றாவது தரமும் முகம் சுழிக்காமல் வாசித்தாள். அவர் அழுதார், மறைக்கவில்லை. வாயில் சிங்களம் இல்லாத ஒரு மனிதன், தன்னைக் காப்பாற்றிய கையையே தன்னைக் குற்றம் சாட்டிய கை என்று நம்பி, சைக்கிளுக்கெல்லாம் வழிவிட்டு எட்டு வருஷம் ஊர்ந்திருக்கிறார். கேட்டவர்களுக்கே நெஞ்சு பொறுக்காது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: படிவத்தில் அவர் 'இல்லை' என்று எழுதியிருந்தால் சாகும்வரை அது தெரிந்திருக்காது.

"அதில விலாசம் இருக்கோ?" என்று கேட்டார்.

"இரிக்கி. களுபோவில, ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ஒழுங்கை."

"பள்ளிக்கூடத்துக்குப் பேப்பரைத் திங்கட்கிழமை குடுக்கலாம். நீங்கள் பஸ்ஸில போவியளோ தங்கச்சி? எனக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்."

"உங்கட சிங்களத்தோட போய் என்னத்தச் சொல்லப் போறீங்க?" என்றாள் றலியா. அவர் பதில் சொல்லுமுன் வேனில் ஏறி முன் இருக்கையில் இருந்துவிட்டாள்.

அந்தச் சந்து வேனுக்கு ஒடுக்கம். கடைசி வீட்டுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி வைத்த பாண் சைக்கிள் ஒன்று சாய்த்து நின்றது. தலை நரைத்த ஒருவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேனின் சத்தத்துக்கு நிமிர்ந்தார். காலை இலேசாக இழுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். சிவபாதசுந்தரம் கதவைத் திறந்து இறங்கினார்.  வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரே ஒரு சிங்களச் சொல்லும் மறந்துபோயிற்று.

கருணாதாச கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வலது கையை உயர்த்தி, எண்ணெய் படிந்த விரலால் நேரே அவரைக் காட்டி, வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சத்தமாக ஏதோ சொன்னார்.

வேனிலிருந்து இறங்கிய றலியா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம் தங்கச்சி," என்றார் சிவபாதசுந்தரம். "எனக்கு விளங்குது."